ஒற்றைக்கால் ஸ்டாண்ட் விஷயமாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமாக இருக்கிறேன். தங்கள் தங்கையும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன தடவை போனில் பேசியபோது, பறவைப் படம் எடுக்கத் தாங்களும் ஒரு மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் கேமரா ஸ்டாண்ட், வாங்கப்போவதாகச் சொன்னீர்கள். எந்த உயரம், எந்தப் பூட்டு, எந்த அடிப்பாகம் என்றெல்லாம் பார்த்து வாங்கிய அனுபவம் எனக்குத்தான் உண்டு என்று என் தலையில் ஐஸ் வைத்தீர்கள். கூடவே, அடுத்த மாதம் குடும்பத்தார் எல்லோரும் தங்கள் வீட்டில் கூடும்போது தங்கை அந்த ஸ்டாண்டோடு வந்து அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். நான் "பார்க்கலாம்" என்று சொன்னதும், "என்ன மாப்பிள்ளை, இதுக்குப் போய் இழுக்கறீங்க" என்று சிரித்தீர்கள். இழுத்ததற்குக் காரணம், உங்கள் தங்கை என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததுதான். அதனால்தான் இந்தக் கடிதம். அவள் மதியத் தூக்கம் தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அவளைச் சில இடங்களில் "என் மனைவி" என்றும் சில இடங்களில் "உங்கள் தங்கை" என்றும் எழுதுவேன். பெருமைப்படுகிற இடத்தில் என் மனைவி, மற்ற இடங்களில் உங்கள் தங்கை. எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்பதால் தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஆரம்பம் உங்களிடமிருந்துதான். என் மனைவி ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் எவ்வளவு கெட்டிக்காரி என்று ஊருக்கே தெரியும். அவள் எடுத்த படத்தில் எலும்பு ஒருபோதும் மங்கலாக விழுந்ததில்லை. கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் அவளே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். டாக்டர், இது ஒரு நோயே இல்லை, சிலருக்கு வயதாகும்போது இப்படி வரும், காப்பியைக் குறையுங்கள் என்றார். காப்பியைக் குறைக்க அவள் ஒத்துக்கொள்ளாததால் கோப்பையில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுக்கிறேன். சிந்தாமல் இருக்க வேண்டுமே. ஏன் பாதி என்று அவளும் ஒருநாள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட சமயத்தில்தான் தாங்கள் ஓய்வுக்காலப் பரிசு என்று ஒரு கேமராவையும், ஆபீஸ் சுவர்களில் மாட்டியிருக்குமே, அந்தத் தீயணைப்பு சிலிண்டர் பருமனில் ஒரு லென்ஸையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனீர்கள். கை நடுங்குகிற மனுஷிக்குத் தூக்க முடியாத லென்ஸ் வாங்கிக் கொடுத்த அண்ணன் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். ஏரிக்கரைக்குப் போய் அவள் எடுத்த முதல் படங்களில் மீன்கொத்தி எல்லாம் நீல நிறத்தில் கரைந்த சோப்பு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் கேமராவைப் பையில் போட்டு மூடினாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அப்போதுதான் நீங்கள், மூன்று கால் ஸ்டாண்ட் பறவைக்கு ஆகாது, அதை விரித்து நிறுத்துவதற்குள் பறவை பறந்து போய்க் குடும்பமே நடத்திவிடும், ஒற்றைக்கால் ஸ்டாண்ட் வாங்கிக் கொடுங்கள் என்றீர்கள். சரி என்று இருவரும் கேமரா கடைக்குப் போனோம். நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கட்டடம் கட்டடமாகப் போய்த் தீயணைப்புக் கருவிகளைச் சோதித்துச் சீட்டுக் கட்டியவன். கடைக்காரர் எடுத்துப் போட்ட முதல் ஸ்டாண்டைப் பழக்கதோஷத்தில் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, காலாவதித் தேதி எங்கே என்று கேட்டுவிட்டேன். அவர் பொறுமைசாலி. "சார், இது ஸ்டாண்டு. இது எரியறதும் இல்ல, அணைக்கறதும் இல்ல" என்றார்.

தாங்கள் கேட்ட அனுபவம் இங்கேதான் வருகிறது, குறித்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் செய்தது பலம், ஆனால் தூக்கிக்கொண்டு நடந்தால் தோள் இறங்கும், குளிர்ந்த காலையில் கையில் ஒட்டும். கார்பனில் செய்தது இறகு மாதிரி இருக்கும், விலையைக் கேட்டால் நாம் இறகு மாதிரி ஆகிவிடுவோம். குழாய்க்குள் குழாயாக நீள்கிற சாமான் என்பதால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பூட்டு இருக்கும். திருகுப் பூட்டு பார்க்க அழகு, ஆனால் இறுகியதா இல்லையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மடக்குப் பூட்டு டக்கென்று சத்தம் போட்டு மூடும், சத்தம் கேட்டால் சந்தேகமில்லை. அடியில் ரப்பர் குமிழ் வேண்டும், சேற்றில் ஊன்ற அதற்குள் ஓர் ஆணியும் வேண்டும். உச்சியில் முன்னும் பின்னும் சாய்கிற தலை வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் இருக்கும் பறவையைப் பார்க்க மனிதன் மல்லாக்கப் படுக்க வேண்டிவரும். உயரம் மிக முக்கியம். கேமராவை மாட்டிய பிறகு அதன் கண் நம் கண்ணுக்கு நேரே வர வேண்டும், மேல்நோக்கிச் சாய்த்தால் அது கீழே இறங்கும் என்பதால் இன்னும் ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். இதெல்லாம் சரி, ஒரு கால் எப்படி ஐயா நிற்கும் என்று கேட்டேன். கடைக்காரர், "இதுக்கு ஒரு காலுதான் சார். மத்த ரெண்டு காலும் அம்மாவோடது. மூணும் சேந்தாத்தான் ஸ்டாண்டு" என்றார். கடையில் விற்கிற ஒரு சாமான் என் மனைவியின் கால்களைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் சிரித்துவைத்தேன்.

நாங்கள் இருவரும் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, உங்கள் தங்கை கடையின் மூலையில் சாய்த்து வைத்திருந்த சாம்பல்நிற ஸ்டாண்ட் ஒன்றின் மேல் கையை வைத்தாள். வைத்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. குறையவில்லை மச்சான், நின்றது. சுவிட்சைத் தட்டினால் மின்விசிறி மெதுவாகத்தான் நிற்கும், இது அப்படிக்கூட இல்லை. அவள் தன் கையையே யாருடையதோ போலப் பார்த்தாள். "இதுதான்" என்றாள். பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன், கடைக்காரர் இல்லை என்றார். உத்தரவாதச் சீட்டு கேட்டேன், அதுவும் இல்லை. எப்போது வந்த சரக்கு என்றதற்கு, தான் இந்தக் கடையை எடுக்கும்போதே அந்த மூலையில் இருந்தது என்றார். இவ்வளவு கேட்ட பிறகு எந்தச் சோதனை அதிகாரியும் அதை வாங்கவிட மாட்டான். ஆனால் இவள் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நானும் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன், மறுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் ஏரிக்கரை. நான் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றேன். கரையோரக் கம்பத்தில் மீன்கொத்தி ஒன்று தண்ணீரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு, இதோ பாயப்போகிறேன் என்று இருந்தது. இவள் ஸ்டாண்டை ஊன்றினாள், கண்ணை வைத்தாள். கை நின்றதும் எக்ஸ்ரே அறைக் குரல் தானாக வந்துவிட்டது. "மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டிய கணவனிடம்கூட அவ்வளவு மரியாதையாகச் சொல்லமாட்டாள். மீன்கொத்தி அசையவில்லை. படம் எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள், லென்ஸைச் சரிசெய்து இன்னொன்றும் எடுத்தாள். பிறகு, "மூச்சு விடலாம்" என்றாள். மீன்கொத்தி அம்பாகப் பாய்ந்து மீனோடு மேலே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இறகின் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. படத்தை நீங்களும் பார்த்தீர்கள், ஆகா ஓகோ என்றீர்கள். தற்செயல் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்து ஒரு நாரை. நாரை அசையாமல் நிற்பதில் அதிசயம் என்ன இருக்கிறது, அதற்கு அதுதான் உத்தியோகம். அதற்கடுத்து ஒரு நீர்க்காகம், முங்கி எழுந்து பாறையில் உட்கார்ந்து இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. இவள் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னாள். நான் பொழுது போகாமல் அதன் இறக்கை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கழன்றது. கழன்று, கீழே விழவில்லை. இறக்கைக்கும் பாறைக்கும் நடுவில், எதிலும் ஒட்டாமல், வெயில் பட்டு மின்னிக்கொண்டு அப்படியே இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். சொட்டு இருக்கிறது. இவள் நிதானமாக இடம் மாற்றி, கோணம் மாற்றி, திருப்தியாகப் படம் எடுத்து முடித்துவிட்டு, மூச்சு விடலாம் என்றாள். அதன் பிறகுதான் சொட்டு விழுந்தது.

இது என்ன என்று அவளைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது. அந்த ஏரிக்கரையில் காலைவேளையில் பறவை பார்க்க ஒரு கூட்டம் வரும், அதற்குத் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். எந்நேரமும் தொப்பி போட்டிருப்பதால் எல்லோரும் தொப்பிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோருடைய வாயையும் திறக்கவைத்தே காலம் தள்ளியவர், ஓய்வு பெற்றதும் தன் வாயைத் திறந்து வைத்திருக்கிறார், இன்னும் மூடவில்லை. அன்று அவர் பிளாஸ்க்கிலிருந்து கோப்பையில் ஊற்றிய தேநீரை வைத்துக்கொண்டு, விரலை உயர்த்தி, நான்கு பேருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் மரத்தில் ஒரு மரங்கொத்தி வந்தது. உங்கள் தங்கை ஸ்டாண்டைத் திருப்பினாள், சொன்னாள். மரங்கொத்தியோடு சேர்ந்து லென்ஸுக்கு முன்னால் இருந்த அத்தனையும் நின்றது. தொப்பிக்காரரின் வாய் திறந்தபடி, விரல் உயர்ந்தபடி. ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பாதம் தரைக்கு மேலே. அவள் சடை தோளுக்கு மேலே. லென்ஸுக்குப் பின்னால் நின்ற எனக்கும் உங்கள் தங்கைக்கும் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்ரே அறையில் அவள் நிற்பாளே, தடுப்புச் சுவருக்குப் பின்னால், அந்த மாதிரி. காற்று அடித்தது, தொப்பிக்காரரின் சட்டை படபடத்தது, அவர் படபடக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயத்துக்கு நடுவே அந்த நிசப்தம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. மூச்சு விடலாம் என்றதும் அவர் விட்ட இடத்திலிருந்து பேசினார், ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார். தேநீர் பச்சைத்தண்ணீராக ஆறியிருந்தது. புது பிளாஸ்க், அதற்குள் கெட்டுப்போய்விட்டது என்று அதை விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அன்று திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன். எதற்கு அவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறாய், ஒரு படம் எடுக்கத்தானே என்றேன். அவள் ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னாள்: "அவசரம் எதுக்கு? எல்லாம் ஓடிக்கிட்டே இருந்தா எதைன்னு பாக்கறது? இப்பதான் நிதானமா பாக்க முடியுது."

அடுத்த வாரம் என் முறை வந்தது. அவள் கையிலிருந்து லென்ஸ் மூடி நழுவி உருண்டு முன்னால் ஓடியது. எடுத்துத் தருவோம் என்று போய்க் குனிந்தேன். பின்னால் அவள் குரல் கேட்டது. ஒரு கொக்குக்குச் சொன்னது அது, எனக்குச் சொன்னது இல்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது, மூடியைக் கையில் எடுத்ததுதான். நடுவில் ஒன்றுமே இல்லை மச்சான். தூக்கம் என்றால் தூங்கியது தெரியும், மயக்கம் என்றால் தலை சுற்றும். இது ஒன்றுமில்லை. ஆனால் குனியும்போது எனக்கு இடது பக்கம் நீளமாகக் கிடந்த என் நிழல், நிமிரும்போது காலடியில் சுருண்டு கிடந்தது. முதுகு நிமிர மறுத்தது. என் தோளில் யாரோ ஒரு பறவையார் உட்கார்ந்து போனதற்கான அடையாளம் சட்டையில் இருந்தது. நான் கோபமாகத் திரும்பினால், இவள் அப்போதுதான் வந்தவள் போல, கிடைச்சுதா என்று மூடியைக் கேட்கிறாள். அந்தப் படத்தை வீட்டில் காட்டினாள். கொக்குக்குக் கீழே மூலையில் நான் குனிந்திருக்கிறேன். என் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. கண்ணாடியில் ஒருநாளும் நான் பார்த்திராத முகம் அது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் கடைசி வார்த்தையை அவள் சொல்லிவிடுகிறாள் அல்லவா, உலகம் பழையபடி ஓடுகிறது அல்லவா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் போன் வந்தது, நான் பார்க்கலாம் என்று இழுத்ததற்கு முந்தைய தடவை. ஆமாம், நீங்கள்தான். எங்கள் வீட்டுப் பால்கனிக் கம்பியில் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்திருந்தது. இவள் ஸ்டாண்டைக் கொண்டுவந்து நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரு படம் எடுத்தாள். உள்ளே போன் அடித்தது. அண்ணன் என்றதும் ஸ்டாண்டைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவிட்டாள். குருவி கம்பியில் இருக்கிறது. போகும், போகும் என்று பார்த்தேன். போகவில்லை. கை தட்டினேன். துண்டை வீசினேன். கிட்டே போய் அதன் முகத்துக்கு நேராக, மூச்சு விடலாம் என்று நானே சொன்னேன். அவள் குரலைப் போல மென்மையாக்கியும் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். காற்றில் குருவியின் வயிற்றுப் பஞ்சு மட்டும் அலைந்தது. கண் திறந்திருந்தது. அதற்குள் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவன் நான், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே ஓடிப் போய்ச் சைகை காட்டினேன். போன் பேசுகிற மனைவிக்குச் சைகை காட்டிப் பலன் கண்டவர் யாராவது உண்டா? போங்கள் என்று கையை வீசிவிட்டு, நீங்கள் வாங்கப்போகும் ஸ்டாண்டைப் பற்றியே உங்களோடு பேசித் தீர்த்தாள்.

பேசி முடித்து வந்து குருவியைப் பார்த்தவள், "அடடே, மறந்தே போயிட்டேன்" என்றாள். ஸ்டாண்டை மறுபடி ஊன்றி, அதன் பின்னால் நின்று, மூச்சு விடலாம் என்றாள். குருவி தள்ளாடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எப்படியோ பறந்து போனது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியிலயும் ஒருநாள் இப்படித்தாங்க. ஒரு பெரியவர்கிட்ட மூச்சப் பிடிங்கன்னு சொல்லிட்டு, யாரோ கூப்பிட்டாங்கன்னு போய் டீ குடிச்சுட்டு வந்தேன். அப்படியே நின்னுட்டிருந்தார் பாவம். ஒண்ணும் சொல்லலை, நன்றி சொல்லிட்டுப் போனார்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். முகத்தில் ஈயாடாமல் நானும் சிரித்தேன்.

இனி, இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அவளுக்கு மறதி வருகிறது மச்சான். கை நடுங்குவதை டாக்டரிடம் சொன்னோம், இதைச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, பாதிக் கோப்பை மாதிரி இதையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அடுப்பை அணைக்க மறக்கிறாள், நான் பின்னாலேயே போய் அணைக்கிறேன். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறாள், நானும் புதிதாகக் கேட்டது போலப் பதில் சொல்கிறேன். போன வாரம் எங்கள் பெரிய பெண்ணின் பெயர் அவள் நினைவின் வாசல்வரை வந்தும் உள்ளே வரவில்லை. அதையெல்லாம் என்னால் சமாளிக்க முடியும். ஆனால் அடுத்த மாதம் உங்கள் வீட்டு முற்றத்தில் நீங்கள், உங்கள் மனைவி, பிள்ளைகள், மருமக்கள், கைக்குழந்தைவரை அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்க, இவள் பிடிங்க, அசையாதீங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தை என்ன என்று என்னைத் திரும்பிப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? என் குரலுக்கு ஒரு குருவிகூட அசையவில்லையே. எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. எனக்காக மட்டும் இல்லை, அப்படி ஒன்று நடந்தால் அதை அவள் எப்படித் தாங்குவாள் என்றும் பயமாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் மூன்று உதவி செய்ய வேண்டும். குடும்பப் படத்தை ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடுங்கள், தெருமுனை ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டாயிற்று என்று சொல்லுங்கள், அவள் கோபித்துக்கொண்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒற்றைக்கால் ஸ்டாண்ட் எதையும் வாங்காதீர்கள், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியோடும் சீட்டோடும் வருவதை வாங்குங்கள், மூலையில் சாய்ந்திருப்பதைத் தொடாதீர்கள். கடைசியாக, சீக்கிரம் ஒருநாள் கிளம்பி வந்து, அண்ணன் என்ற உரிமையில் இரவல் கேட்பது போல இந்தச் சாம்பல்நிற ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நான் பிடுங்கினால் அது சண்டை, நீங்கள் கேட்டால் அது பாசம். கை மறுபடி நடுங்கும், படம் மறுபடி கரையும், எனக்குத் தெரியும். அதற்கு நான் பக்கத்தில் இருக்கிறேன்.

தங்கள் வீட்டில் வயதில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும், இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பவர்களுக்கு என் அன்பையும் தெரிவியுங்கள். எல்லோரும் நடந்தும் ஓடியும் பேசியும் சண்டை போட்டும் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வரவை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்
தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். ஸ்டாம்ப் தேட உள்ளே போன நேரத்தில் அவள் எழுந்து வந்து, மேஜையருகே நின்றபடியே கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். அவள் கோபப்படவில்லை. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. 'உங்கள் தங்கை'தான் நெறைய இருக்கு, 'என் மனைவி' கம்மியா இருக்கு" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மறக்குதுன்னு எனக்கும் தெரியுங்க. நான் மறந்தா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல? முன்னாடி நின்னு கத்தினா குருவிக்கு எப்படிக் கேக்கும்? ஸ்டாண்டுக்குப் பின்னாடி நின்னு சொல்லணும். வாங்க, பழகிக்கங்க" என்றாள். ஸ்டாண்டின் பூட்டுகளைத் திறந்து என் கண் உயரத்துக்கு ஏற்றி, கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, பால்கனிக் கம்பியில் கையை வைத்து எனக்கு எதிரில் போய் நின்றாள். நான் ஸ்டாண்டை ஊன்றி, அவள் சொல்வதைப் போலவே, பிடிங்க, அசையாதீங்க என்றேன். என் குரல் கேட்டது.

என் மனைவி நிற்கிறாள் மச்சான். கம்பி மேல் வைத்த கை துளியும் நடுங்கவில்லை. நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம் இருக்கும், அது அவள் முகத்தோடு பிறந்தது என்றே நான் நினைத்திருந்தேன், இல்லை, இப்போது காணோம். அடுத்த சொல்லைத் தேடுகிற பார்வை கண்ணில் இல்லை. காதோர முடி மட்டும் காற்றில் அசைகிறது. இத்தனை வருடத்தில் இவளை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது, பார்த்தால் என்ன பாக்கறீங்க என்று கேட்டுவிடுவாள். இப்போது கேட்கவில்லை. ஸ்டாண்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திரைச்சீலையின் நிழல் மேஜையைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. இப்படி நிற்கும்வரை அவள் எதையும் மறக்கப்போவதில்லை.

ஸ்டாண்டை எடுத்துப்போக வர வேண்டாம். தாங்களும் ஒன்று வாங்குங்கள், மடக்குப் பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டாம்ப் கிடைத்துவிட்டது. தபால்பெட்டி தெருக்கோடியில்தான் இருக்கிறது, இதைப் போட்டுவிட்டு வந்து, மூச்சு விடலாம் என்று அவளுக்குச் சொல்லிவிடுகிறேன்.